நீல விளக்கு ஏற்று படலம்

ஆயிரம் யானைகளைக் களத்தில் வீழ்த்தியவனுக்குப் பரணி பாடுவது மரபு. கடுகளவு விளக்கொன்றை ஐந்து பகல் போராடி எரியவைத்தவளுக்குப் பாட எவரும் முன்வரவில்லை. ஆகவே அப்பாரம் நம் தலையில் விழுந்தது. வாழ்க அவள் விசைப்பலகை. வாழ்க, பத்து விரல்களில் நான்கை மட்டுமே போருக்கு அனுப்பி எஞ்சிய ஆறைக் காவலுக்கு நிறுத்தும் அவள் படைத்திறம். வாழ்க, திருகு கழன்று நூலால் கட்டப்பட்டும் மூக்கை விட்டு இறங்காத அந்தக் கண்ணாடி. கம்பிக்காடு கடந்தவள், பிழைவேழம் பிளந்தவள், ஆறிய டீயையும் அருவருக்காது அருந்தியவள், டிரைவரம்மா என்னும் திருநாமம் தரித்தவள், அவள் கதையைக் கேளுங்கள்.

அந்த நாமம் அவளுக்கு வாய்த்த வரலாறு சிறியது. அவள் தொழில் டிரைவர் எழுதுவது. கணினிக்குள்ளே கெர்னல் என்றொரு அந்தப்புரம் உண்டு. அங்கே வீற்றிருக்கும் ஆணைகளைக் கேட்டு, வெளியே நிற்கும் விளக்குக்கும் மணிக்கும் பொத்தானுக்கும் அவற்றுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். கல்யாணமான புதிதில் மாமியார் அவளிடம் வேலையைப் பற்றி விசாரித்தார்.

"டிரைவர் எழுதறேன் அத்தை."

"டிரைவரா? என்ன வண்டி?"

அவள் ஒரு மணி நேரம் விளக்கினாள். மாமியார் பொறுமையாகக் கேட்டு முடித்து, மறுநாள் தெருவெங்கும், தம் மருமகள் பெரிய வண்டி ஓட்டுகிறாள் என்றும், ஆனால் தன்னடக்கம் அதிகம் என்றும் பறைசாற்றினார். செய்தி அலுவலகம் வரை வந்தது. அன்று முதல் அவள் டிரைவரம்மா.

போரின் காரணத்தைச் சொல்வோம். அவளுக்குத் தாய்மாமன் ஒருவர் உண்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் லேத் எந்திரத்தின் முன்னே நின்று இரும்பைக் கடைந்தவர். இரும்பும் சும்மா இருக்கவில்லை, அவர் காதுகளைக் கடைந்தது. ஓய்வு பெறும்போது நிறுவனம் அவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்தது. அதன் டிக்டிக் அவருக்கு ஒருநாளும் கேட்டதில்லை. லேத் மாமா என்று எல்லோரும் அழைக்கும் அவர், மனைவி போனபின் தனியாக இருந்தார். வாசல் மணி அடித்தால் தெரியாது. எனவே, காது கேளாதவர்களுக்கென டிரைவரம்மாவின் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த கருவி ஒன்றைச் சோதனைக்காக அவர் வீட்டு மேசைமேல் வைத்தாள் அவள். சோப்புப் பெட்டி அளவு. பக்கவாட்டில், சார்ஜ் ஏறுவதைக் காட்ட ஒரு பச்சை எல்.இ.டி.; உச்சியில், வாசலில் யாரேனும் மணியை அழுத்தினால் விட்டு விட்டு எரிய ஒரு நீல எல்.இ.டி. அந்த நீலத்தின் ஒளிவீச்சு, அறையின் எதிர்ச்சுவரில் தொங்கிய நாட்காட்டியின் சிறிய எழுத்தையும் படிக்கவைக்கும் வல்லமை உடையது.

ஒரு வாரம் அது குறைவின்றி எரிந்தது. மாமா பூரித்தார். பால்காரர், பேப்பர்காரர், தண்ணீர் கேன்காரர் ஆகிய மும்மூர்த்திகளும் வந்ததை விளக்கே அறிவித்தது. நாளடைவில் அவருக்கு மனிதர் சொல்லைக் காட்டிலும் விளக்கின் சொல்லில் நம்பிக்கை மிகுந்தது.

பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை.

மாமாவுக்கு ஒரே மகள். அவர் சரியென்று சொல்லாத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். இரண்டு ஆண்டு பேச்சில்லை. திங்கட்கிழமை காலை அவள் டிரைவரம்மாவுக்கு போன் செய்தாள்.

"நேத்து அப்பா வீட்டுக்குப் போனேன்க்கா. கொழந்தையத் தூக்கிட்டு. பதினஞ்சு நிமிஷம் பெல் அடிச்சேன். டி.வி. வெளிச்சம் ஜன்னல்ல தெரியுது. உள்ளதான் இருக்காரு. எந்திரிக்கல."

"விளக்கு எரிஞ்சிருக்காதுடி. என் மெஷின்ல ஏதோ கோளாறு."

"எல்லாரும் அவருக்காக ஒரு காரணம் வெச்சிருக்கீங்க." மூச்சுவிடாமல் தொடர்ந்தாள். "சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பறோம். போற வழியில ஒருதரம் அடிச்சுப் பாப்பேன். அவ்வளவுதான். நீ அவர்ட்ட எதுவும் சொல்லிக் கெஞ்சாத."

கெஞ்சாமல் சொல்லிப் பார்க்கலாமென்று அன்று மாலையே டிரைவரம்மா மாமாவின் முன்னே போய் நின்று, உதடுகளைத் தெளிவாக அசைத்து, நேற்று மகள் வந்தாள் என்றாள். மாமா மேசையைப் பார்த்தார்.

"விளக்கு எரியலியே."

"அது ரிப்பேர் மாமா."

"எரியலன்னா யாரும் வரல" என்றார் அவர், இரும்பைக் கடைந்த குரலில். அத்துடன் தீர்ப்பு முடிந்தது. அவளை அந்த நிறுவனம் வேலைக்கு எடுத்த நாளிலிருந்து இதுவரை அவள் எழுதிய நிரலை இவ்வளவு முழுமையாக நம்பியவர் வேறெவரும் இல்லை. 

கருவியைச் சோதிக்க முனைந்தாள். அதற்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய, மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிளை அதன் வாயில் செருகினாள். வாசலுக்கு ஓடி மணியை அழுத்தினாள். உள்ளே ஓடிவந்தாள். நீல விளக்கு, ஒரு பாவமும் அறியாத பச்சிளங்குழந்தைபோல், பளிச் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி எரிந்தது. ஒன்பது முறை ஓடினாள், ஒன்பது முறையும் எரிந்தது. கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் தெருமுனையைக் கடந்தபோது மாமாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: பேப்பர் பையன் பணம் வாங்க வந்து, மணியடித்துச் சலித்து, ஜன்னலில் வந்து நின்றானாம், விளக்கு எரியவில்லையாம். "நீ வந்தா எரியுது, போனா எரியல" என்று முடித்திருந்தார். கருவியை அலுவலகத்துக்கு எடுத்துப்போகக் கேட்டதற்கும் சம்மதிக்கவில்லை. அதை எடுத்துப்போய்விட்டால் யார் வந்தார்கள் என்று தமக்கு எப்படித் தெரியும் என்பது அவர் வாதம்.

மாயாவிகளில் இருவகை. போர்க்களத்தில் மறைந்து நின்று அம்பெய்பவர் ஒருவகை. எதிரி வந்ததும் ஆயுதத்தை ஒளித்துவைத்துவிட்டு, வாங்க வாங்க, சாப்பிட்டீங்களா என்று விசாரிப்பவர் இன்னொரு வகை. இந்த நீலம் இரண்டாவது வகை.

செவ்வாயும் புதனும் சொற்போர் மூண்டது. அலுவலகத்தின் கிழக்கு மூலையில், ஈயப்புகை கமழும் தனி நாட்டை ஆண்டுவந்தவர் சால்டர் அண்ணன். கருவியின் மின்சுற்றுப் போர்டை வரைந்து, அதன்மேல் எறும்புக்கண் பாகங்களைப் பற்றவைத்தவர் அவரே. அவருடைய முழக்கம் இது: "போர்டுல ஒரு தப்பும் இல்ல." நிரலைக் கோடு என்றழைக்கும் டிரைவரம்மாவின் முழக்கம் இது: "கோடுல ஒரு தப்பும் இல்ல." இவ்விரு முழக்கங்களும், மேகமும் மேகமும் மோதி இடித்தாற்போல், காபி எந்திரத்தினருகிலும் மாடிப்படியிலும் லிஃப்ட்டின் குறுகிய வெளியிலும் மாறி மாறி ஒலித்தன. நடுவில் அகப்பட்ட மேலாளர், இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு சமாதானத் தூது விட்டு, இருவராலும் விரட்டப்பட்டார்.

"மாமா வீட்டு பீஸ்ல சால்டரிங் விட்டிருக்கும்ணே."

"டிரைவரம்மா, நா பத்தவெச்சது விட்டதா சரித்திரமே கெடையாது. உங்க கோட ஒருதரம் முழுசாப் படிங்க."

அவள் மேசையில் கிடந்த, அதே வகையின் இன்னொரு கருவியோ, மேலோடு கழற்றப்பட்டு, வயிறு தெரிய, மூன்று மெல்லிய கம்பிகள் வழியாகத் தன் அந்தரங்கம் அனைத்தையும் திரையில் கொட்டிக்கொண்டிருந்தது. முந்நூறு முறை அழுத்தினாள். முந்நூறு முறையும் நீலம் எரிந்தது. எரிகிற விளக்கை எப்படிச் சரிசெய்வது? நோயில்லாதவனுக்கு மருந்து தேடும் மருத்துவர்போல், சுற்றிச்சுற்றி வந்தாள். அவள் கனவிலும் அந்த நீலம் எரிந்தது. கனவில்கூட அதில் பிழை இல்லை.

வியாழக்கிழமை நண்பகல், முந்நூற்றுப் பன்னிரண்டாம் முறை அவள் மணியை அழுத்திய நேரம். நீலம் எரியத் தொடங்கிற்று. அப்போது சால்டர் அண்ணனின் போன் ஒரே ஒரு சதவீத உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துடித்தது. அழைப்பது அவர் மனைவி. அண்ணன், குஞ்சைக் கவ்வ வந்த பருந்தின் வேகத்தில் பாய்ந்து வந்து, அவள் மேசைமேலிருந்த கருவியின் சார்ஜ் கேபிளைப் பிடுங்கித் தம் போனில் செருகினார். பச்சை அணைந்தது. அது நியாயம், சார்ஜ் இல்லையே. ஆனால் கருவியின் பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தும், பாதிச் சிமிட்டலில் இருந்த நீலமும், கண்ணைப் பொத்தியதுபோல், அதே கணத்தில் அணைந்தது.

திரையில் வரி ஓடியது: நீலம் எரிகிறது, முழு வெளிச்சம்.

"அண்ணே. அப்படியே நில்லுங்க."

"கேபிள் என்னோடது. என் பேர் எழுதியிருக்கு பாருங்க."

"கேபிள நீங்களே வெச்சுக்கோங்க. மீட்டர மட்டும் கொண்டாங்க."

மனைவியிடம் ஐந்து நிமிடம் தவணை பெற்று அண்ணன் மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்தார். இரு முட்களும் நீலத்தின் பாதங்களைத் தொட்டன. பூச்சியம். சொல்லில் கோடி சூரியப் பிரகாசம். காலடியில் ஒரு துளி மின்சாரம் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். இரண்டு நாள் முழங்கிய சங்குகள் மௌனமாயின.

உண்மை வெளிப்பட்டது. பச்சைக்கும் நீலத்துக்கும் மின்சாரம் ஒரே வழியில்தான் வருகிறது. அந்த வழியின் மதகில் ரெகுலேட்டர் என்னும் காவலன் நிற்கிறான். அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவான். ஒருவராவது கேட்டிருந்தால் மதகு திறந்திருக்கும். கேட்ட கடைசி ஆளும் போதுமென்று சொன்னால் மூடிவிடுவான். பச்சை, எரியும்முன் ஒழுங்காகக் கேட்டது. அணையும்போது ஒழுங்காகப் போதுமென்றது. நீலம் ஒருநாளும் கேட்டதே இல்லை. பச்சைக்காகத் திறந்த மதகில் தானும் குடித்துக்கொண்டிருந்தது. கேபிள் செருகியிருக்கும்வரை பச்சை எரிந்தது, நீலமும் பிழைத்தது. இரண்டாவது வாரம், எந்நேரமும் கம்பியைச் செருகிவைத்தால் வெடித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமா கேபிளைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். அதன்பின் டிரைவரம்மா கேபிளோடு போனபோதெல்லாம் நீலம் விழித்தது. அவள் கேபிளோடு திரும்பியபோதெல்லாம் மடிந்தது.

நீலத்துக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்காத அந்தக் கயவர் எவர்? டிரைவரம்மா நிரலின் வரலாற்றைப் புரட்டினாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதை எழுதியவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து ஐம்பது. பெயர், அவளுடையது.

களத்தின் நடுவே நின்று தன் வாளைப் பார்த்தவளுக்கு, அதில் படிந்திருந்த குருதி யாருடையது என்று தெரிந்தது. பதினைந்து நிமிடம் கதவுக்கு வெளியே குழந்தையோடு நின்றவளின் முகம் நினைவில் வந்தது. அன்றைய அந்த முகத்தை டிரைவரம்மா பார்த்ததுகூட இல்லை.

"என் தப்புதாண்ணே" என்றாள்.

இரண்டு நாளாக இந்தச் சொல்லுக்காகவே உயிர்வாழ்ந்த சால்டர் அண்ணன், வெற்றிமுரசு கொட்டுவார் என்று அலுவலகமே காத்திருந்தது. அவர் மீட்டரின் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே, "எடமில்லன்னு ரெண்டுக்கும் ஒரே லைன் கொடுத்தது நாந்தான். உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு மனைவிக்கு போன் செய்யப் போனார்.

வியாழன் பிற்பகல் முதல் தாக்குதல். நீலத்தின் டிரைவரில், எரியும்முன் காவலனிடம் கேள் என்று ஒரு வரி, அணைந்தபின் போதுமென்று சொல் என்று ஒரு வரி, ஆக இரண்டே அம்புகள் தொடுத்தாள். கேபிளைப் பிடுங்கி மணியை அழுத்தினாள். கருவி முழுவதும் சிலையாயிற்று. நீலமும் இல்லை, கேபிளை மறுபடி செருகியும் பச்சை இல்லை, கல்லிடம் பேசுவதுபோலிருந்தது. விட்டு விட்டு எரியச்சொல்லும் ஆணை கெர்னலின் கடிகாரத்திடமிருந்து வருகிறது. அந்தக் கடிகாரத்தின் ஆணையை நிறைவேற்றுபவர் இமைப்பொழுதும் கண்ணயரக் கூடாது. அயர்ந்தால் அரண்மனையே ஸ்தம்பித்துவிடும். காவலனோ, கேட்டவுடன் கொடுக்கிற ஆளில்லை. கொஞ்சம் பொறு, மதகு திறக்கட்டும் என்று காத்திருக்கச் சொல்பவன். கண்ணயரக் கூடாதவனைக் கொண்டுபோய்க் காத்திருப்போர் வரிசையில் நிறுத்திவிட்டாள் அவள். அன்று மாலை ஆறு மணிக்குத் தோல்வியோடு பாசறை திரும்பினாள். கணவன் என்னவென்று கேட்டான். "தூங்கக் கூடாத எடத்துல தூங்கிடுச்சு" என்றாள். அவன் தோசைக்கல்லை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

வெள்ளி காலை இரண்டாம் தாக்குதல். கடிகாரம் தன் ஆணையைச் சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிட வேண்டும்; காத்திருக்க நேரமுள்ள வேறொரு பணியாள் அதை எடுத்துக்கொண்டு போய்க் காவலனிடம் நின்று வாங்கிவர வேண்டும். அப்படி ஒரு பணியாளை நியமித்தாள். பதினோரு மணிக்கு, கேபிளற்ற கருவியில், துணையற்ற நீலம் முதன்முதலாகத் தன் சொந்தக்காலில் நின்று எரிந்தது. சால்டர் அண்ணன் தம் நாட்டிலிருந்து கைதட்டினார். தட்டிய கை ஓயுமுன்னே மூன்று மணி ஆயிற்று, பேட்டரி பாதியாக வடிந்திருந்தது.

நீலம், மங்கலிலிருந்து பிரகாசத்துக்கு ஏறும்போது, ஏற்கெனவே கேட்டதை மறந்து இன்னொரு முறை கேட்டிருக்கிறது. இருமுறை கேட்டு ஒருமுறை போதுமென்றால், எண்ணத் தெரிந்த காவலன், இன்னும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று மதகைத் திறந்தே வைத்திருப்பான். கேட்கத் தெரியாதவனுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்தால் இதுதான் சங்கடம், நிறுத்தத் தெரியாது. டிரைவரம்மா, நீலத்தின் நினைவில் ஒரு சிறு முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சுக்குப் பெயர் "கேட்டாச்சு". அது விழுந்திருந்தால் மறுபடி கேட்காதே. போதுமென்று சொன்னதும் அவிழ்த்துவிடு. மாலை ஐந்தரைக்கு எல்லாம் சரியாக இருந்தது. மன்னர்கள் வெற்றிக்குப்பின் கல்லில் மெய்க்கீர்த்தி வெட்டுவார்கள். அவளும் நிரலின் வரலாற்றில் வெட்டினாள்: நீல விளக்கு இனி மின்சாரம் கேட்டுவிட்டு எரியும். அவ்வளவே கீர்த்தி.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமா வீட்டில் புதிய நிரலைக் கருவிக்குள் ஏற்றி, கேபிளை உருவி, தன் பைக்குள் அடியில் போட்டுக்கொண்டாள். மாமா வாசலுக்கு முதுகுகாட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் வருவாள் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார், நம்பினால் சட்டையை மாற்றிக்கொண்டு அலமாரிக்குள் போய் ஒளிந்தாலும் ஒளிவார்.

எட்டே முக்காலுக்கு நீலம் எரிந்தது. அவள் நெஞ்சு கூடவே எரிந்தது. மாமா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். தண்ணீர் கேன்காரர். மாமா திரும்பிவந்து, "பரவால்ல, நல்லாயிடுச்சு" என்று விளக்கின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பேப்பரை விட்ட இடத்தில் தொடர்ந்தார்.

ஒன்பதேகாலுக்கு மறுபடி எரிந்தது.

மாமா நிமிர்ந்து பார்த்தார். எழவில்லை. பால் வந்தாயிற்று, பேப்பர் வந்தாயிற்று, தண்ணீர் இப்போதுதான் வந்தது. அவர் கணக்கில் வேறு யாரும் இல்லை. விளக்கு பளிச் பளிச்சென்று தன் முப்பது நொடியை எரித்து முடித்து அணைந்தது. அறை மங்கியது. டிரைவரம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெர்னலுக்குள் எவ்வளவு ஆழமும் போகத் தெரிந்தவளுக்கும், இந்த இடத்தில் எழுத ஒரு வரியும் கிடைக்கவில்லை. கதவைத் தானே போய்த் திறந்துவிடலாம். திறந்தால், திறந்தது அவள் என்றாகிவிடும்.

"யாரு?" என்றார் மாமா, அவளிடம் இல்லை, விளக்கிடம்.

விளக்கு மூன்றாம் முறை எரிந்தது. இம்முறை மணியில் வைத்த விரலை எடுக்காமல் அழுத்துகிறார்கள் போலிருந்தது. அந்த நீலம் சிமிட்டியது, சிமிட்டியது, நிற்கவே இல்லை. மாமாவின் முகத்தில் அது விழுந்து விழுந்து எழுந்தது. அவர் டிரைவரம்மாவைப் பார்த்தார். அவள் தலையசைக்கவுமில்லை, உதட்டை அசைக்கவுமில்லை.

"அன்னிக்கும் வந்திருக்கா, இல்ல?" என்றார்.

"வந்தா மாமா."

அவர் பேப்பரை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிய இடமில்லாமல் போகவே எழுந்தார்; கடல்களைக் கடந்து வந்த கலம் கரைதொட அஞ்சி நிற்பதுபோல் ஒருகணம் நின்று, வேட்டியைச் சரிசெய்து, முப்பத்து நான்காண்டு இரும்பைக் கடைந்த கையால் தாழ்ப்பாளை நீக்கி, மகளுக்கு மட்டும் இரண்டாண்டு மூடியிருந்த அந்தக் கதவைத் திறக்க, ஒருபுறம் தோளில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நின்றவள் விரலை மணியிலிருந்து எடுக்க மறந்து நிற்க, மறுபுறம் நீலவொளி சுவரெங்கும் வெற்றிக்கொடிபோல் படபடக்க, பிரிந்தவர் கூடும் அத்தருணத்துக்கென்று நாம் சேமித்துவைத்த உவமைகள் அனைத்தும் வரிசையாக எழுந்து நின்று தத்தம் முறைக்காகக் காத்திருக்க, அவர் தொண்டையைச் செருமி, "கதவச் சாத்திட்டு வா, கொசு வரும்" என்றார்.

குழந்தை மேசையிலிருந்த விளக்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.